மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய் அருவாள்

காரைக்குடியில் முனீஸ்வரன் கோயில் தெரு உங்களில் பல பேருக்குத் தெரிந்திருக்கும். செட்டிநாட்டு வீடுகளில் இருந்து வந்த பழைய சாமான்களை விற்கிற கடைகள் இருக்கிற தெரு. போன மாசம் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தேன். பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கேன்னு அந்தத் தெருவுக்குள்ள நுழைஞ்சேன். ஒரு கடையில், பீங்கான் ஜாடிகளுக்கு மேலே, சுவத்துல ஒரு வெட்டருவாள் தொங்குச்சு. 3,500 ரூபாய் குடுத்து வாங்கி, நியூஸ் பேப்பர்ல சுத்தி, மஞ்சப்பைக்குள்ள வச்சு, கண்டக்டர் கண்ணுல படாம கொண்டு வந்து சேர்த்துட்டேன்.

வீட்டுக்காரி விலையைக் கேட்டதும் ஒரு நிமிஷம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னா: "ஏங்க, திருப்பாச்சேத்தியை ஒட்டி குடியிருந்துக்கிட்டு, அருவா வாங்க காரைக்குடிக்குப் போன முதல் ஆளு நீங்கதான்."

அவ சொன்னது சரிதான். அருவாளுக்கே பேர் போன ஊர் திருப்பாச்சேத்தி. எங்க ஊருல இருந்து டிவிஎஸ்ஸுல போனா இருபது நிமிஷம். ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அங்க ஒரு பட்டறையில நல்ல கனமான அருவாள் ஒண்ணு 700 ரூபாய்க்கு வாங்கினேன். சீமைக்கருவேலம் வெட்ட, வாழை சாய்க்க, தேங்காய் உரிக்கக்கூட இன்னைக்கும் அதுதான். அப்படி இருக்க, அஞ்சு மடங்கு காசு குடுத்து இன்னொண்ணு எதுக்கு?

காரணத்தை மறைக்காம சொல்லிடுறேன். எங்க அப்பா வச்சிருந்த அருவாள் மாதிரியே இருந்துச்சு. அதே வளைவு, அதே பித்தளைப் பூண். அப்பா செத்த மறுவருஷம், அவரோட அருவாளையும் உடைஞ்ச கொழுவையும் பழைய இரும்புக்காரன்கிட்ட போட்டு அம்மா பேரீச்சம்பழம் வாங்கினாங்க. அந்தப் பழத்துல நானும் தின்னேன். அப்ப எனக்கு ஒண்ணும் தோணலை. இப்ப அம்பது தாண்டின பிறகுதான், அந்தப் பிடியை ஒரு தடவை பிடிச்சுப் பார்க்க மாட்டோமான்னு இருக்கு.

கடைக்காரர் ஆளைப் பார்த்தே புரிஞ்சுக்கிட்டார். "எம்பது வருஷத்து சாமான். ஒரு ஜமீன் வீட்டுல இருந்து வந்தது"ன்னார். நானும் தலையாட்டினேன். பில்லு கேட்கலை, அவரும் குடுக்கலை.

ரெண்டு வாரம் கழிச்சு, துருவை எடுத்து சாணை பிடிக்கலாம்னு அதே திருப்பாச்சேத்திப் பட்டறைக்குக் கொண்டு போனேன். ஆசாரியார் எழுபதை நெருங்குறவர். துருத்தி ஊதின காலத்துல இருந்து இருக்கார், இப்ப கரண்ட் ப்ளோயர். அருவாளை வாங்கி சுத்தியலால ஒரு தட்டு தட்டி, சத்தத்தைக் கேட்டார். "இரும்பு நல்ல இரும்புதான் தம்பி. லாரி ஸ்பிரிங் பட்டை. தோய்ச்சலும் நல்லா விழுந்திருக்கு"ன்னார். எனக்கு மனசு குளிர்ந்துச்சு. அப்புறம் உப்புத்தாளை எடுத்து பூண் பக்கத்துல துருவைத் தேய்ச்சார். உள்ளே கோடு கோடா தெரிஞ்சுச்சு. "இது கிரைண்டர் போட்ட தடம். எம்பது வருஷத்துக்கு முன்னாடி எந்தப் பட்டறையில கிரைண்டர் இருந்துச்சு?"

அதோட விடலை. வாய்ப்பக்கத்தைக் காட்டினார். வேலை செஞ்ச அருவாள்னா, அதிகமா வெட்டுப்படுற வயித்துப்பகுதி தீட்டித் தீட்டித் தேய்ஞ்சு ஒடுங்கியிருக்கும். பிடியில கை படுற இடம் மட்டும் வழவழன்னு இருக்கும். முதுகுல சுத்தியல் அடி பட்டிருந்தா அந்த இடம் மழுங்கியிருக்கும். இதுல துரு மட்டும் எல்லா இடத்துலயும் ஒரே மாதிரி அப்பியிருக்கு, தேய்மானம் எங்கேயும் இல்லை. "பத்து, பதினஞ்சு வருஷத்து உருப்படி. உப்புத்தண்ணி, புளித்தண்ணி ஊத்தி மழையில போட்டா ஒரு மாசத்துல தாத்தா காலத்து அருவாளாயிடும்"னு சிரிச்சார்.

முப்பது வருஷம் அருவாள் பிடிச்சவன் நான். இதெல்லாம் எனக்குத் தெரியாததா? என் வீட்டு அருவாளே அப்படித்தான் தேய்ஞ்சு கிடக்கு. கடையில அருவாளைத் திருப்பிக்கூடப் பார்க்கலை, கதையைக் கேட்டேன். அவ்வளவுதான்.

அப்ப நான் குடுத்த விலை அதிகமா? கணக்குப் போட்டுப் பார்த்தேன். இரும்புக்கும் வேலைக்கும் 700 தரலாம். மீதி 2,800 கதைக்கு. நெசமாவே எங்க அப்பாவோட அருவாளா இருந்திருந்தா பத்தாயிரம் கேட்டாலும் குடுத்திருப்பேன், அதிகம்னு ஒரு நாளும் நினைச்சிருக்க மாட்டேன். அதனால அதிகமா குறைச்சலாங்கிறது தொகையில இல்லை. எதுக்காகக் காசு குடுத்தோமோ அது அந்தப் பொருள்ல இருக்கான்னு பார்க்கணும். எனக்குக் கிடைச்சது நல்ல அருவாள். ஆனா நான் காசு குடுத்தது அருவாளுக்கு இல்லையே.

நகரத்துல இருந்து வர்ற பிள்ளைங்க பழைய அருவாள், அருவாமணை, பாக்குவெட்டி எல்லாம் வாங்கி சுவத்துல மாட்டுறாங்க. தப்பே இல்லை, ஆசைதானே. ஒண்ணே ஒண்ணு சொல்றேன். விலை பேசுறதுக்கு முன்னாடி கடைக்காரரைக் கதை சொல்ல விடாதீங்க. பொருளைக் கையில வாங்கி, திருப்பி, எங்கே தேய்ஞ்சிருக்குன்னு பாருங்க. கதை இல்லாம இதுக்கு எவ்வளவு தருவோம்னு மனசுக்குள்ள ஒரு தொகை போடுங்க. அதுக்கு மேல குடுக்கிறது உங்க இஷ்டம். எதுக்குக் குடுக்கிறோம்னு தெரிஞ்சு குடுங்க.

எனக்கு உறுத்துறது அந்த 2,800 இல்லை. ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி இதே ஆசாரியார் 800 சொன்ன அருவாளை, அரை மணி நேரம் நின்னு பேசி 700க்கு வாங்கினவன் நான். நெருப்புக்கு முன்னாடி நின்னு காய்ச்சி அடிச்சவர்கிட்ட நூறு ரூபாயைப் பிடிச்சேன். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து கதை சொன்னவர் கேட்ட காசை எண்ணிக் குடுத்தேன். அப்பாவோட அருவாளையும் இப்படி ஒரு பட்டறைக்காரர்தானே அடிச்சிருப்பார்?

சாணை பிடிச்சதுக்கு 80 ரூபாய் கேட்டார். குடுத்துட்டு, மருமகனுக்கு ஒரு அருவாள் சொன்னேன். எவ்வளவுன்னார், 900ன்னு அவரே சொன்னார். சரின்னேன். பேரம் பேசுவேன்னு எதிர்பார்த்திருப்பார் போல, கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்தார். அப்புறம் நோட்டை எடுத்தார். அருவாள் வாங்குறவங்க பேரும் விலாசமும் எழுதி வைக்கணும்னு போலீஸ்ல சொல்லியிருக்காங்களாம். என் பேர், ஊர், தேதி, "விவசாய வேலைக்கு"ன்னு எழுதினார்.

காரைக்குடி அருவாளை சுவத்துல மாட்டலை. நேத்து அதை வச்சுத்தான் வேலியோரம் முள்ளு வெட்டினேன். நல்லாவே வெட்டுது.