தேனிலவுச் செலவு யார் பொறுப்பு?

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே!

நிக்காஹ் பேசும் சபைகளில் புதிய பேச்சொன்று நுழைந்திருக்கிறது. பவுன் கணக்கும் மண்டபக் கணக்கும் முடிந்த பிறகு, "பிள்ளைகள் எங்காவது போய்வர ஏற்பாடு செய்துவிடுங்கள்" என்று மாப்பிள்ளை வீட்டார் மெல்லச் சொல்கின்றனர். பெண்ணைப் பெற்றவர் மறுக்க இயலாமல் தலையசைக்கிறார். இவ்வாறு, நம் சத்தியமங்கலம் போன்ற சிற்றூர்களிலும் தேனிலவு சீர்வரிசையில் ஓர் உருப்படியாகிவிடுகிறது. இதைத்தான் நாம் கண்டிக்கிறோம்.

தேனிலவே அந்நியப் பண்பாடு, ஆகவே கூடாது என்பாரும் நம்மிடையே உள்ளனர். அவர்களுடன் நமக்கு உடன்பாடில்லை. ஹிஜ்ரி 7இல் கைபரிலிருந்து திரும்புகையில் நபி (ஸல்) அவர்கள் அன்னை ஸஃபிய்யா (ரலி) அவர்களை மணமுடித்து, மதீனாவை அடையுமுன் வழியில் மூன்று நாள்கள் தங்கினார்கள். அந்த வலீமாவில் ரொட்டியும் இல்லை, இறைச்சியும் இல்லை. தோல் விரிப்பில் பேரீச்சம்பழமும் பாலாடைக்கட்டியும் நெய்யும் வைக்கப்பட்டன என்று புகாரியில் பதிவாகியுள்ளது. போர்ப் பயணத்தின் நடுவிலும் புது மனைவிக்கென நாள்கள் ஒதுக்கப்பட்டன. விருந்தோ மிக எளியது. இவ்விரண்டையும் சேர்த்தே நாம் படிப்பினை பெறவேண்டும்.

நம் வீடுகளின் நிலையையும் எண்ணிப் பாருங்கள். மணம் முடிந்ததும் விருந்துக்கு மேல் விருந்து. வீடு நிறைய உறவினர். நேற்றுவரை அறிமுகமில்லாத இருவர் மனம்விட்டுப் பேச ஒரு மணி நேரம் கிடைப்பதில்லை. அவர்கள் சில நாள்கள் தனியே சென்று வருவது இல்லறத்திற்கு நன்மையே.

ஆனால் செலவு யாருடையது? மார்க்கம் மஹரைக் கணவன்மீதே கடமையாக்கியது. வலீமாவும் அவனுக்குரிய சுன்னத்தே. மனைவியின் உணவும் உடையும் உறைவிடமும் அவன் பொறுப்பே. அப்படியிருக்க, பயணச் சீட்டை மட்டும் மாமனாரிடம் கேட்பது எந்த நியாயம்? அதற்கு ‘அன்பளிப்பு’ என்று பெயர் சூட்டினாலும், கேட்டு வாங்குவது கைக்கூலியே. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம் மஹரை வரதட்சணை என்னும் வரையறையிலிருந்து விலக்கி வைத்திருக்கிறது. நாட்டின் சட்டம் உணர்ந்த இந்த வேறுபாட்டை நாம் உணர வேண்டாமா?

சில மாப்பிள்ளைகள் மாமனாரிடம் கேட்பதில்லை, கடன் வாங்குகின்றனர். மாலத்தீவுக்கும் பாலிக்கும் தவணையில் சென்று, ஆண்டு முழுதும் வட்டி கட்டுகின்றனர். இதனினும் கொடியது மனைவியின் நகையை அடகு வைப்பது. மஹராக வந்த நகை அவளுடைய தனிச்சொத்து. மணமான புதிதில் கணவன் கேட்டால் மறுக்க எத்தனை பெண்களுக்குத் துணிவு இருக்கும்? வெட்கத்தால் கொடுத்ததை மனமுவந்து கொடுத்ததாகக் கொள்ள முடியுமா? வட்டியைத் தொட்டு இல்லறத்தைத் தொடங்கிவிட்டுப் பரக்கத்தை எதிர்பார்ப்பது எப்படி?

அடுத்தது படம் பிடிக்கும் நோய். ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் தோழர்களை முன்னே செல்லச் சொல்லிவிட்டு, அன்னை ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். மகிழ்ச்சி அங்கே இருந்தது, பார்வையாளர் இல்லை. நாமோ விடுதி அறையைக்கூட வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஊருக்குக் காட்டுகிறோம். தம்பதியரின் அந்தரங்கம் அமானிதம் அல்லவா?

எனவே மணமக்கள் கையிலுள்ள ஹலாலான பணத்தை முதலில் எண்ணட்டும். ஊரைப் பிறகு தீர்மானிக்கட்டும். மணமகளின் விருப்பத்தையும் கேட்கட்டும். உதகைக்குச் செல்வதானால் 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். 2025 கோடையில் அங்கே வாரநாள்களில் 6,000 வாகனங்கள், வார இறுதியில் 8,000 என உயர் நீதிமன்றம் வரம்பிட்டது. கோடைக் கூட்டத்தைத் தவிர்த்தால் பணமும் மிஞ்சும், தனிமையும் கிடைக்கும். திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகள் வழியே மைசூரு செல்வோர் பகலிலேயே கடக்கவேண்டும். புலிகள் காப்பகச் சாலையில் இரவுப் போக்குவரத்துக்குத் தடை உண்டு.

தொழுகைக்கும் திட்டம் வேண்டும். பயணத் தொலைவு ஏறத்தாழ 80 கி.மீ. என்பது உலமாக்களிடையே பரவலான கணக்கு. அதன்படி இங்கிருந்து கோவைக்குச் செல்பவர் முழுமையாகத் தொழ வேண்டும். மேட்டுப்பாளையம் வழியே உதகைக்குச் செல்பவர் ளுஹர், அஸர், இஷாவைச் சுருக்கித் தொழலாம். சலுகை இருக்க, தொழுகையையே விடுவது தகுமா?

வெளியூர் செல்ல வசதியில்லாதவர் வெட்கப்பட வேண்டியதில்லை. பவானிசாகர் அணைப் பூங்காவில் ஒரு மாலைப்பொழுதைக் கழித்தாலும் போதும். மனைவியின் பேச்சைக் காதுகொடுத்துக் கேட்க அதுவே நல்ல தொடக்கம்.

பெண்ணைப் பெற்றோரே, கேட்டால் மறுத்துவிடுங்கள். ஜமாஅத்துப் பெரியோரே, கைக்கூலியைத் தடுக்கும்போது இதையும் அதில் சேருங்கள். இளைஞனே, உன் மனைவியை உன் உழைப்பில் அழைத்துச் செல். அது ஒரு நாள் பயணமாயினும், அவள் தந்தையின் கடனில் செல்லும் பத்து நாள் பயணத்தைவிட மேலானது.

நம் பிள்ளைகளின் இல்லறங்களில் அல்லாஹ் அன்பையும் பரக்கத்தையும் நிறைப்பானாக! ஆமீன்.