டிரைவர் எங்கே தூங்குவார்?

ராஜபாளையத்திலோ ஸ்ரீவில்லிபுத்தூரிலோ பத்துப் பேர் கூடி டூர் பேசினால் முதலில் வருவது ஊர்ப் பட்டியல். குற்றாலம், தென்மலை, வர்க்கலை, திருவனந்தபுரம், கன்னியாகுமரி, திருச்செந்தூர். அடுத்து யாராவது ஒருவர் சொல்வார்: "வெள்ளிக்கிழமை ராத்திரி பத்து மணிக்குக் கிளம்பிட்டா ஒரு நாள் மிச்சம்!" எல்லோரும் தலையாட்டுவார்கள். பிறகு புளியோதரை யார் வீட்டில், வழிக்குப் பால்கோவா எத்தனை கிலோ, வேனில் என்ன பாட்டு என்று பேச்சு நீளும். ஒரு கேள்வி மட்டும் கடைசி வரை வராது. டிரைவர் எப்போது தூங்குவார்? எங்கே தூங்குவார்?

மலையையும் கடலையும் ஒரே சுற்றில் பார்க்க இந்த இரண்டு ஊர்க்காரர்களுக்குக் கிடைத்திருப்பது அருமையான பாதை. வாசலில் ஓடும் திருமங்கலம் - கொல்லம் நெடுஞ்சாலையைப் பிடித்தால் புளியங்குடி, கடையநல்லூர், தென்காசி, செங்கோட்டை. பிறகு ஆரியங்காவு கணவாய் வழியாக மலையைத் தாண்டி தென்மலை, புனலூர், கொல்லம். ராஜபாளையத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டரில் அரபிக்கடல் வந்துவிடும். அங்கிருந்து கரையோரமாகவே கன்னியாகுமரி, உவரி, மணப்பாடு, திருச்செந்தூர். தூத்துக்குடி, கோவில்பட்டி வழியாக வீடு. மொத்தம் 550 கிலோமீட்டருக்கு மேல்.

இதை "ஒரு நாள் மிச்சம்" கணக்கில் போட்டால் என்ன ஆகும்? வேன் ஓட்டுகிறவர் பெரும்பாலும் காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறவர். வெள்ளிக்கிழமை காலை 6 மணிக்கு எழுந்தார் என்று வைத்துக்கொள்ளலாம். மாலை பிள்ளைகளை வீட்டில் விட்டு, வண்டியைக் கழுவி, டீசல் போட்டு, இரவு 10 மணிக்கு டூருக்கு வந்து நிற்கிறார். 11 மணிக்கு, தென்காசி வருவதற்கு முன்பே, அவர் விழித்திருந்து 17 மணி நேரம் ஆகிவிட்டது. இனிமேல்தான் மலைப்பாதை. கொல்லத்தில் விடிகாலை 4 மணி என்றால் 22 மணி நேரம்!

இந்த 17 மணி நேரம் என்பது சும்மா ஒரு எண் அல்ல. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் மது இருப்பவரின் அளவுக்குக் குறைந்துவிடுகிறது என்று 1990-களின் இறுதியிலேயே ஆராய்ந்து சொன்னார்கள். இந்தியாவில் வாகனம் ஓட்டுகிறவருக்குச் சட்டம் அனுமதிக்கும் அளவு 0.03 சதவீதம்தான். குடித்துவிட்டு வரும் டிரைவரின் வண்டியில் யாரும் ஏறமாட்டார்கள். தூங்காமல் வரும் டிரைவரின் வண்டியில் மட்டும் குடும்பத்தோடு ஏறி, ஜன்னலோர சீட்டுக்குச் சண்டை போடுகிறார்கள்.

சட்டம் இல்லையா என்றால், இருந்தது. 1961-ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் ஒரு நாளைக்கு 8 மணி நேர வேலை, 5 மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்தால் நடுவில் அரை மணி ஓய்வு என்றது. ஆனால் அது ஐந்து தொழிலாளர்களுக்கு மேற்பட்ட அல்லது ஐந்து பேராவது உள்ள நிறுவனங்களுக்குத்தான். ஒற்றை வேனை வைத்துப் பிழைப்பவர் அந்தக் கணக்கிலேயே வரவில்லை. ஐரோப்பாவில் பெரிய பஸ், லாரி ஓட்டுகிறவர் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் கட்டாயம் ஓய்வெடுக்க வேண்டும். வண்டியில் உள்ள கருவியே அதைப் பதிவு செய்கிறது. இங்கே பதிவு செய்வது டீக்கடைக்காரர் மட்டும்தான்.

வெளிநாட்டில் கேம்பர் வேன் என்று ஒன்று உண்டு. படுக்கை, அடுப்பு எல்லாம் வண்டிக்குள்ளேயே. கேரள அரசு 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனிக் கொள்கை அறிவித்தது. தமிழ்நாட்டில் கேரவன் என்றால் இன்னும் சினிமா நடிகர்கள் நினைவுதான் வருகிறது. யோசித்துப் பார்த்தால் இங்கும் வேனிலேயே குடியிருக்கும் ஒருவர் உண்டு. அவர்தான் டிரைவர். எல்லோரும் லாட்ஜில் ரூம் போட்டுப் படுக்க, அவர் பின்சீட்டில் கொசுக்கடியோடு காலை மடக்கிப் படுப்பார். "பகல்ல தூங்கிக்குவாரு" என்பார்கள். வர்க்கலை வெயிலில் நிறுத்திய வேனுக்குள், அரை மணிக்கு ஒருவர் பை எடுக்க வந்து கதவைத் தட்டும்போது எப்படித் தூங்குவது?

தமிழ்நாடு அரசு 2023-ல் கட்டட விதிகளைத் திருத்தி, தங்கும் விடுதிகள் விருந்தினரின் ஓட்டுநர்களுக்கும் படுக்கை, கழிப்பறை வசதி தரவேண்டும் என்றது. நல்ல விதி. ஆனால் ரூம் போடும்போது "டிரைவருக்கு இடம் உண்டா?" என்று வாய் திறந்து கேட்டால்தான் அது அவர் முதுகுக்குப் போய்ச் சேரும்.

"அவரே பழக்கம்தான்னு சொல்றாரே!" என்பது வழக்கமான பதில். உண்மைதான். "ஒண்ணும் ஆகாது தம்பி, ஒரு டீ அடிச்சா போதும்" என்றுதான் அவர் சொல்வார். வேறு எப்படிச் சொல்வார்? முடியாது என்றால் சவாரி அடுத்த வேனுக்குப் போய்விடும். பேட்டாவும் போய்விடும். மறுக்க முடியாதவரின் சம்மதத்தைச் சம்மதம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. திட்டம் போடுகிறவர்கள்தான் அதைச் சரிசெய்ய வேண்டும்.

பணம் கூட ஆகுமே என்பது நியாயமான கேள்வி. ஒரு இரவு லாட்ஜ் செலவு கூடும். ஆனால் பல வாடகை வண்டிகளில் ஒரு நாள் என்பது நள்ளிரவு 12 மணி முதல் அடுத்த 12 மணி வரை. இரவு 10 மணிக்குக் கிளம்பினால் அந்த இரண்டு மணி நேரமும் ஒரு நாள் கணக்குதான். மிச்சம் எங்கே? அதைவிடப் பெரிய நஷ்டம், மலையைப் பார்க்கப் போகிறவர்கள் மலையை இருட்டில் தூங்கிக்கொண்டே கடப்பது. செங்கோட்டை - புனலூர் ரயில் பாதையின் பதிமூன்று கண் பாலம் சாலையோரத்திலேயே நிற்கிறது. நள்ளிரவில் அதை யார் பார்ப்பது?

காலை 6 மணிக்குக் கிளம்பினால் குற்றாலத்தில் குளித்து, பாலத்தைப் பார்த்து, மாலையில் கொல்லத்தில் கடலில் கால் நனைக்கலாம். இரண்டாம் நாள் வர்க்கலை மட்டும் பார்த்து, இருட்டுவதற்குள் கன்னியாகுமரி. மூன்றாம் நாள் சூரிய உதயம், திருச்செந்தூர், இரவுக்குள் வீடு. திருவனந்தபுரம் விட்டுப்போகும். போகட்டும். அது எங்கேயும் ஓடிவிடாது. எல்லா ஊரும் பார்த்தே ஆகவேண்டும் என்றால் இன்னொரு நாள் சேர்க்கலாம், அல்லது இன்னொரு டிரைவரைச் சேர்க்கலாம்.

அடுத்த டூருக்குப் பேப்பரை எடுக்கும்போது ஊர்ப் பெயர்களுக்கு முன்னால், முதல் வரியாக இதை எழுதலாம்: "இரவு 10 முதல் காலை 5 வரை, டிரைவர் தூக்கம், கட்டிலில்." மீதி நேரத்தில் எத்தனை ஊர் அடங்குகிறதோ, அதுதான் டூர்.