தப்பு விடை காட்டும் வழி

பரீட்சை நெருங்கினால் கள்ளக்குறிச்சி ஆனாலும் சரி, கல்வராயன் மலைமேல் உள்ள வெள்ளிமலை ஆனாலும் சரி, ஒரே பேச்சுதான். "எந்தக் கேள்வி வரும்?"

வரப் போகும் கேள்வியை ஊகிக்க எல்லோருக்கும் ஆசை. பிள்ளைக்குப் பாடம் புரிய வைக்கும் கேள்வி எது? அதை ஊகிப்பவர் சிலரே. அதுதான் பெரிய வேலை!

நூறும் சரி, பலன் இல்லை!

42-ல் 17 போனால் மீதி எவ்வளவு? ஒரு சிறுவன் 35 என்று எழுதுகிறான். 2-ல் 7 போகாது. ஆகவே, 7-ல் 2-ஐக் கழித்துவிட்டான். கடன் வாங்கிக் கழிப்பது அவனுக்குப் புரியவில்லை.

அவனுக்கு 48-ல் 13, 59-ல் 24 என்று நூறு கணக்குக் கொடுங்கள். நூறும் சரியாக இருக்கும். வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். ஆனால் அவன் புதிதாகக் கற்றது ஒன்றும் இல்லை.

31-ல் 18, 52-ல் 27. இப்படி நாலு கணக்குப் போதும். குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி, ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினால் கடன் வாங்குவது விளங்கிவிடும்.

ஒரு வாரம் கழித்து...

சுலபமாக முடிந்தால் எல்லாம் வந்துவிட்டது போலத் தோன்றும். அது நிலைக்குமா? அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்ற இருவர் 2006-ல் வெளியிட்ட சோதனை இது. மாணவர்களில் ஒரு சாரார் பாடத்தை மறுபடி படித்தார்கள். மற்றவர்கள் புத்தகம் இல்லாமல் நினைவிலிருந்து எழுதினார்கள். 5 நிமிஷத்தில் முந்தியவர்கள், மறுபடி படித்தவர்கள். ஒரு வாரம் சென்றதும் அவர்கள் நினைவில் இருந்தது 42 சதவிகிதம். எழுதிப் பார்த்தவர்களிடம் 56 சதவிகிதம்! மூளையைக் கசக்க வைத்ததே மனதில் தங்கியது.

அரும்பு, மொட்டு, மலர்

தமிழக அரசு 2022-ல் "எண்ணும் எழுத்தும்" திட்டத்தைத் தொடங்கியது. சிறு வகுப்புப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துப் பயிற்சி தரும் திட்டம் அது. நல்ல வழிதான். ஆனால் பெயர் வைத்தால் மட்டும் போதாது. ஒரே மொட்டில் இருக்கும் இரு பிள்ளைகள் இரு விதமாகத் தப்புச் செய்வார்கள். கேள்வியும் இரு விதமாக வேண்டும்.

இன்று கம்ப்யூட்டரும் அடுத்த கேள்வியைப் பொறுக்கித் தருகிறது. அதற்கும் ஆதாரம் பிள்ளை எழுதிய விடைதான்.

மலைக் கிராமத்தில் பள்ளியை விட்டால் பல பிள்ளைகளுக்கு வேறு துணை இல்லை. அங்கே வீணான ஒவ்வொரு கேள்வியும் நஷ்டம். ஆகவே தப்பு விடையைச் சிவப்பு மையால் அடித்துவிட்டுப் போகக் கூடாது. "இது எப்படி வந்தது?" என்று கேட்க வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாத தாயும் இதைக் கேட்கலாம். பிள்ளை சொல்லும் பதிலில், அடுத்து என்ன கேட்க வேண்டும் என்பது இருக்கிறது.