ஒரே வரி, இரண்டு நீதி!

அமெரிக்கா என்றதும் வானளாவும் மாளிகைகளும் கோடீசுவரர்களுமே நம் நினைவுக்கு வருகின்றனர். அங்கேயும் ஒற்றை லாரியைச் சொந்தமாக ஓட்டிப் பிழைப்பவர் உண்டு. ஒரே நாற்காலி போட்டு முடிதிருத்துபவர் உண்டு. கம்பெனி இல்லை, கூட்டாளி இல்லை. அவரே முதலாளி, அவரே தொழிலாளி! அந்த ஒற்றை மனிதரை அந்நாட்டு வரிச்சட்டம் நடத்தும் விதத்தைத் தோழர்கள் அறிய வேண்டும்.

அங்கே மத்திய அரசுக்கு ஒரு வருமான வரி; பெரும்பாலான மாநிலங்களில் மாநில அரசுக்கு இன்னொன்று. மாநிலத்துக்குக் கட்டியதை மத்திய வரிக்கணக்கில் தொழில் செலவாகக் கழிக்கலாமா? இதுதான் கேள்வி.

வாஷிங்டன் மாநிலத்தின் தொழில் வரியைப்போல், வியாபாரத்தின் மொத்த வரவின்மேல் விழும் வரியைக் கழிக்கலாம். லைசென்சுக் கட்டணத்தையும், கடைக் கட்டடத்தின் சொத்து வரியையும் கழிக்கலாம். ஆனால், இலாபத்தின்மேல் மாநிலம் போடும் வருமான வரியை மட்டும், "அது உன் சொந்தச் செலவு" என்று சட்டம் ஒதுக்கிவிடுகிறது.

சொந்தச் செலவாகக் கழிக்க வேண்டுமானால், எல்லோருக்கும் பொதுவாகத் தரப்படும் நிலைக்கழிவை விட்டுக்கொடுக்க வேண்டும். 2025ஆம் ஆண்டுக் கணக்கில் அது தனி ஆளுக்கு 15,750 டாலர். சிறு தொழில் செய்பவருக்கு அதுவே இலாபம், அதையே எடுத்துக்கொள்கிறார். மாநில வரிக்கு அவர் பெறும் கழிவு? பூஜ்யம்!

மாநில, உள்ளூர் வரிக் கழிவுக்கு 2017இல் வந்த சட்டம் 10,000 டாலர் என வரம்பு கட்டியது. 2025இல் அதை 40,000 ஆக உயர்த்தினார்கள். நிலைக்கழிவையே நம்பியிருக்கும் லாரிக்காரருக்கு இதனால் ஒரு காசு பயன் உண்டா?

பெரிய கம்பெனிகளுக்கோ அந்த வரம்பே கிடையாது. கூட்டு வியாபாரிகளுக்கும் வழி பிறந்தது. 2018இல் கனெக்டிகட் மாநிலம், வரியைக் கூட்டாளிகள்மேல் போடாமல் நிறுவனத்தின்மேலேயே போட்டது. நிறுவனத்தின் செலவாகிவிட்டால் முழுவதும் கழியுமல்லவா! 2020 நவம்பரில் மத்திய வரித்துறை இதை ஏற்றது. கலிபோர்னியா உட்படப் பல மாநிலங்கள் பின்தொடர்ந்தன.

கலிபோர்னியாவில் லாரிக்காரர் மாநிலத்துக்கு 3,000 டாலர் கட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த தெருவில் கூட்டாகத் தொழில் நடத்தும் வக்கீலின் பங்குக்கும் நிறுவனம் அதே 3,000 கட்டுகிறது. இருவரும் 22 சதவீத வரிப்படியில் இருந்தால், வக்கீலுக்கு மத்திய வரியில் 660 டாலர் மிச்சம். லாரிக்காரருக்கு ஒன்றுமில்லை. மாநிலம் ஒன்று, தொகை ஒன்று. நீதி மட்டும் இரண்டு!

"அவரும் கம்பெனி பதிவு செய்யட்டுமே" என்பார்கள். கலிபோர்னியாவில் கம்பெனி என்றால் ஆண்டுக்குக் குறைந்தது 800 டாலர் வரி. கணக்கருக்குக் கூலி வேறு. 660ஐக் காப்பாற்ற 800ஐக் கொட்டுவதா?

தோழர்களே! வரி எவ்வளவு என்று மட்டும் பார்ப்பது போதாது. கழிவு யாருக்கு என்று பாருங்கள். விகிதத்தை எல்லோரும் அறிய மேடையில் சொல்வார்கள். சலுகையைச் சட்டத்தின் மூலையில் எழுதுவார்கள். அந்த மூலையைப் படிக்கக் கற்றவனை எவரும் எளிதில் ஏய்க்க முடியாது!