கஞ்சாவும் தராசும்

மேகமலையின் அடிவாரத்தே, முல்லையாற்று நீர் பாய்ந்து இருபோகம் நெல் விளையும் கம்பம் பள்ளத்தாக்கிலே, சின்னமனூர் என்னும் எம் ஊர் அமைந்துளது. பூலாநந்தீசுவரர் திருக்கோயிலும், பாண்டியர் வரலாறு எழுதுவார்க்குப் பெருந்துணை புரிந்த சின்னமனூர்ச் செப்பேடுகளும் இவ்வூர்க்குப் பெருமை தருவன. வாழையும் தென்னையும் கண்ணுக்கெட்டிய தூரம் நிற்கும். தெற்கே சிறிது சென்றால் திராட்சைப் பந்தல்கள் காணப்படும். ஆயினும், வெளியூரில் எவரேனும், "தங்கட்கு எந்த ஊர்?" என்று வினவ, "கம்பத்துப் பக்கம்" என்று யாம் விடையிறுத்தால், வினவியவர் முகத்தில் ஒரு புன்முறுவல் தோன்றும். அப்புன்முறுவலுக்குக் காரணம் நெல்லும் அன்று, திராட்சையும் அன்று. யான் கல்லூரி விடுதியிற் சேர்ந்த முதனாள் இரவே நண்பர் ஒருவர் அருகில் வந்து, "ஏதேனும் கொண்டு வந்தீரோ?" என்று காதோடு கேட்டார். யான் கொண்டு சென்றது அன்னை கொடுத்தனுப்பிய முறுக்கு ஒன்றே. அதனை எடுத்து நீட்டியபோது அவர் அடைந்த ஏமாற்றத்தை இன்றும் மறந்தேனில்லை.

இப்பெயர் எமக்குக் காரணமின்றி வந்ததென்று சொல்லத் துணியேன். மேற்குத் தொடர்ச்சி மலையின் காடுகளிலே, தமிழகத்துப் பக்கமும் கேரளத்துப் பக்கமும், கஞ்சாச் செடியை மறைவாகப் பயிரிட்டோர் இருந்தனர். அதிகாரிகள் மலையேறிச் செடிகளைப் பிடுங்கித் தீயிட்டதும் உண்டு. கம்பம்மெட்டு, போடிமெட்டு, குமுளி ஆகிய மலைவழிகளில் ஏலக்காயோடு இதுவும் ஏறி இறங்கிற்று. இக்காலத்திலோ, பிடிபடும் சரக்கிற் பெரும்பகுதி ஆந்திர, ஒடிசா எல்லை மலைகளிலிருந்து வருவதாகக் காவற்றுறையினரே கூறுகின்றனர். செடி எங்கோ வளர்கின்றது. பெயர் மட்டும் எம்முடையதாக நிலைத்துவிட்டது.

கஞ்சாவைச் சட்டத்தால் முற்றும் விலக்குதல் தக்கதோ, அன்றிப் பிற நாட்டார் சிலரைப் போல் கடை திறந்து விற்றல் தக்கதோ என்னும் வினா இப்போது யாண்டும் எழுகின்றது. விடுதிகளில் இதுபற்றி வாதிடும் நண்பர்கள் பெரும்பாலும் இரு கட்சியினராகப் பிரிந்து நிற்கின்றனர். யான் எக்கட்சியிலும் சேர இயலாமைக்கு எம்மூர்க்கு அணித்தான சிற்றூரில் நிகழ்ந்ததொன்றே காரணம். அதனை முதலிற் சொல்லுதல் நலம்.

வாழைத்தார் சுமந்து பிழைக்கும் ஒருவரது மகன், வயது இருபத்திரண்டு, பள்ளிப் படிப்பை முடியாது விட்டவன். பேருந்து நிலையத்தில் ஒருவன் கொடுக்கும் பையை மற்றோர் ஊரிற் சேர்ப்பித்தால் சில ஆயிரம் ரூபாய் கிடைக்குமெனக் கேட்டு உடன்பட்டான். பையில் இருப்பது நற்பொருள் அன்று என்பதை அவன் ஊகித்தே இருப்பான். அதனை மறைத்துப் பேச யான் விரும்பவில்லை. ஆயின் அதன் எடையை அவன் அறியான். வழியிற் பிடிபட்டான். நிறுத்துப் பார்த்தபோது அஃது 21 கிலோ இருந்தது. பையைக் கொடுத்தவன் யாரென்பது இன்றுவரை வெளிப்படவில்லை.

இவ்விடத்திற் சட்டத்தின் போக்கைச் சிறிது விளக்குதல் வேண்டும். 1985-ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட போதைப்பொருட் சட்டமே இன்று நாடெங்கும் செல்லுவது. 2001-இல் அதனைத் திருத்தியபோது, எடைக்கேற்பத் தண்டனை வகுத்தனர். கஞ்சா ஒரு கிலோ வரை இருப்பின் அது சிறிய அளவு. ஓராண்டு வரை சிறையோ, பதினாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அதற்கு மேல் 20 கிலோ வரை பத்தாண்டுகளுக்கு மிகாத சிறை. அதனிற் குறைப்பது நீதிபதியின் விருப்பம். 20 கிலோவைக் கடந்தாலோ வணிக அளவு. பத்தாண்டுச் சிறைக்கும் ஓரிலட்சம் ரூபாய் அபராதத்துக்கும் குறையாது விதித்தே ஆகவேண்டும். நீதிபதி இரங்கினும் பயனில்லை. குற்றவாளி அல்லன் என்று நம்புதற்கு நியாயம் உண்டென நீதிமன்றம் கருதினாலன்றிப் பிணையும் கிடையாது. அறியாது சுமந்தேன் என்பானாயின், அதனை ஐயத்திற்கிடமின்றி மெய்ப்பிக்கும் பொறுப்பும் அவன்மேலதே.

ஆகவே அவ்விளைஞனது வாழ்வில் ஒரு கிலோவே பத்தாண்டாயிற்று. 20 கிலோ இருந்திருப்பின் அவன் இளமையையும் வறுமையையும் முதற்குற்றம் என்பதையும் நீதிபதி எண்ணிப்பார்க்க இடமிருந்திருக்கும். அவன் அன்னை, காதிற்கிடந்ததை விற்று, வழக்கு நாடோறும் மதுரைத் தனி நீதிமன்றத்துக்குச் சென்று மீள்கின்றார். தராசு பையை நிறுத்ததேயன்றி அவனை நிறுக்கவில்லை என்பதே என் முறையீடு.

கஞ்சா தீங்கற்றதென்று வாதிடுவார் உளர். அவர்கள் பெரிதும் எடுத்துக்காட்டுவது, 1893-இல் ஆங்கில அரசாங்கத்தார் நியமித்த இந்தியக் கஞ்சா விசாரணைக் குழுவின் அறிக்கையை. ஆயிரத்துக்கு மேற்பட்ட சாட்சிகளை விசாரித்த அக்குழு, அளவாகக் கொள்வதால் பெருந்தீங்கில்லை என்றும், முற்றும் விலக்கினால் மக்கள் அதனினும் கொடியவற்றை நாடுவர் என்றும், உரிமமும் வரியும் கொண்டு கட்டுப்படுத்துதலே போதும் என்றும் 1894-இல் முடிவு கூறிற்று. பித்தர் விடுதிகளின் பதிவேடுகளையும் அக்குழுவினர் ஆராய்ந்தனர். நோயாளியின் பித்துக்குக் காரணம் கஞ்சாவென்று எழுதப்பட்டவற்றுட் பல, அவனைக் கொண்டுவந்த போலீசார் சொல்லைக் கேட்டு எழுதியவையே எனக் கண்டனர். இது பாராட்டத்தக்க ஆராய்ச்சியே. எனினும் கஞ்சாவிலிருந்து அவ்வரசாங்கத்தார்க்கு வருவாய் இருந்தது என்பதையும் மறத்தலாகாது. மேலும், இளம்பருவத்திலேயே தொடங்கி நாடோறும் புகைப்பாரிடத்து மனப்பிறழ்வு நோய் மிகுதியாகக் காணப்படுகின்றதென்று இக்கால மருத்துவர் பலர் ஆராய்ந்து கூறுவதை 1894-ஆம் ஆண்டு அறிக்கையைக் காட்டி மறுத்தல் இயலாது. பதினாறு வயதில் இதனைத் தொட்டு, இருபதில் தன் பெயர்க்கு விடைகூற மறந்த ஒருவனை யான் எம் தெருவிலேயே கண்டிருக்கின்றேன். அவன் நிலைக்குக் கஞ்சாவே முழுக்காரணமென்று சொல்ல யான் மருத்துவன் அல்லேன். ஆயினும் கடை திறக்க வேண்டுமென்று கூறும் நண்பர்கள் அவனை ஒருமுறை வந்து பார்த்தல் நன்று.

கடை திறத்தலால் வருவது யாதென்பதைத் தமிழர் கற்றறிய வெளிநாடு செல்ல வேண்டுவதில்லை. 1937-இல் இராஜாஜி சேலம் ஜில்லாவில் மதுவிலக்கைத் தொடங்கினார். அதனாற் குறைந்த வருவாயை ஈடுசெய்ய 1939-இல் விற்பனை வரியை ஏற்படுத்தினார். 1948-இல் மாகாணம் முழுதும் விலக்குப் பரவியது. 1971-இல் அது தளர்த்தப்பட்டது, மீண்டும் வந்தது, மீண்டும் போயிற்று. 1983-இல் டாஸ்மாக் நிறுவனம் தோன்றிற்று. 2003-இல் சில்லறை விற்பனையும் அதன் கைக்கு வந்தது. விலக்குக்காக வந்த வரி நின்றுவிட்டது. விலக்கப்பட்ட மதுவும் திரும்பி வந்துவிட்டது. இரண்டையும் நாம் செலுத்தி வருகின்றோம்! 2023-24-ஆம் ஆண்டில் மதுவால் அரசாங்கத்துக்கு வந்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்துணைப் பெரும் பொருளைக் கொடுக்கும் குடிகாரனை, "குடியாதே" என்று அரசாங்கம் எங்ஙனம் மனமாரச் சொல்லும்? கடை வைத்தாற் கள்ளச் சரக்கு ஒழியும் என்னும் வாதமும் நின்றதில்லை. ஊர்தோறும் கடையிருந்தும், 2024 ஜூன் மாதத்திற் கள்ளக்குறிச்சியில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்து அறுபதின்மர்க்கு மேல் மாண்டனர். கடைச்சரக்கு வாங்க இயலாத ஏழை, மலிவானதைத் தேடிச் சென்றான். சயாம் தேசத்தார், அதாவது தாய்லாந்தினர், 2022-இல் கஞ்சாவைத் தடைப்பட்டியலினின்று நீக்கினர். கடைகள் ஆயிரக்கணக்கிற் பெருகின. 2025-இல் மருத்துவர் சீட்டின்றி விற்றலாகாதென்று மீண்டும் கட்டுப்படுத்தினர்.

அங்ஙனமாயின் இப்போதுள்ள சட்டமே போதுமன்றோ என்பார்க்கும் யான் உடன்படேன். நடுவணரசின் ஆதரவில் நடத்தப்பட்டு 2019-இல் வெளிவந்த கணக்கெடுப்பின்படி, ஓராண்டினுள் கஞ்சா, பாங்கு முதலிய இச்செடிப் பொருள்களைப் பயன்படுத்தினோர் நம் நாட்டில் மூன்று கோடிக்கு மேற்பட்டவர். இவருட் கஞ்சா புகைப்போர் அனைவரும் சட்டப்படி குற்றவாளிகளே. பாங்கு உண்போர் மட்டும், இலை தனித்திருப்பின், சட்டத்தின் கஞ்சா என்னும் சொல்லுக்குள் அடங்கார். காசி நகரில் அதற்கு உரிமம் பெற்ற கடைகளே உள. ஒரே செடியின் இலைக்குக் கடையும் பூவுக்குச் சிறையும் வைத்த இந்த நுட்பம் எனக்கு விளங்கியதில்லை. நிற்க. புகைத்ததற்காகப் பிடிபட்ட மாணவன் ஒருவன் பெறுவது தண்டனையினும் பெயர்க்கேடே. பாஸ்போர்ட்டு, உத்தியோகம், திருமணம் யாவற்றிலும் அவ்வழக்கு முன்வந்து நிற்கும். அவனுக்கு அப்பொருளை விற்றவனோ மறுநாள் வேறொரு தெருமுனையில் நிற்பான்.

போர்த்துகல் தேசத்தார் 2001 முதல் வேறொரு வழியிற் செல்லுகின்றனர். விற்றல் அங்குக் குற்றமே. ஆயின் தன் உபயோகத்திற்காகச் சிறிதளவு வைத்திருப்பவனை நீதிமன்றத்துக்கு அனுப்பாது, மருத்துவமும் சட்டமும் அறிந்தோர் அடங்கிய ஒரு சிறு குழுவின்முன் நிறுத்துகின்றனர். அக்குழு அவனை விசாரித்து, நோயாளியாயின் சிகிச்சைக்கு வழிகாட்டும். கடையுமின்றிச் சிறையுமின்றி ஒருநாடு இங்ஙனம் இருபது ஆண்டுகளுக்கு மேலாக நடத்திவருகின்றது. நம் சட்டத்திலும் இதன் வித்து இல்லாமற் போகவில்லை. அதன் 64ஏ பிரிவு, சிகிச்சை பெறத் தானே முன்வரும் அடிமைப்பட்டானை வழக்கினின்று விடுவிக்க இடந்தருகின்றது. இப்படியொரு பிரிவு உண்டென்பதைச் சின்னமனூரில் எத்தனை பெற்றோர் அறிவர்? அறிந்தாலும், மகனை அழைத்துக்கொண்டு தேனியைக் கடந்து அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குச் சென்று, வரிசையில் நின்று, கூலி இழந்து, அடுத்த வாரமும் செல்லவேண்டும். காவல் நிலையமோ ஊருக்குள்ளேயே இருக்கின்றது.

திருவள்ளுவர் கள்ளுண்ணாமைக்குத் தனி அதிகாரமே வகுத்தார். அதிற் பெற்ற தாயின் முகத்தையும், ஊரார் நகையையும், நாணத்தையும் சொன்னாரேயன்றி, அரசனது தண்டத்தை ஓரிடத்தும் சொல்லவில்லை. இது தற்செயலாக நேர்ந்ததென்று யான் நினைக்கவில்லை.

"வணிகர்க்கு இரங்குகின்றீரோ?" என்று ஒரு நண்பர் கேட்டார். இல்லை. மூடைமூடையாக ஏற்றியனுப்பிப் பெரும்பொருள் சேர்ப்பவனுக்குப் பத்தாண்டு மிகையன்று. யான் வேண்டுவது, பை எவருடையது, அதனால் இலாபம் அடைபவன் எவன் என்பவற்றை எடைக்கு முன்னர் நீதிபதி கேட்டறிய இடமிருத்தலும், புகைப்பவன் காவல் நிலையத்துக்கு மாறாக மருத்துவரிடம் அனுப்பப்படுதலுமே. ஒரு கிலோ, இருபது கிலோ என்னும் வரம்புகள் நடுவணரசு 2001-இல் வெளியிட்ட அறிவிக்கையால் அமைந்தவை. அறிவிக்கையாற் செய்ததை மற்றோர் அறிவிக்கையால் மாற்றலாம். ஏனையவற்றுக்குப் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தவேண்டும். சிறிய அளவிற் சொந்த உபயோகத்திற்கு வைத்திருப்பதைக் குற்றமாகக் கொள்ளாதிருத்தல் வேண்டுமென்று, 2021-ஆம் ஆண்டிற் சமூகநீதி அமைச்சகமே, இச்சட்டத்தை நிருவகிக்கும் வருவாய்த் துறையார்க்குப் பரிந்துரைத்ததாகச் செய்தித்தாள்கள் எழுதின. நம் தொகுதியின் உறுப்பினர் ஓட்டுக்கேட்டு எம் தெருவுக்கு அடுத்தமுறை வரும்போது, அப்பரிந்துரை என்னாயிற்று என்று கேட்க எண்ணியிருக்கின்றேன். அவ்விளைஞனது அன்னையையும் உடனழைத்துச் செல்வேன்.