பிள்ளையுமல்லன், ஊழியனுமல்லன்

யாழ்ப்பாணத்தில் வணிகர் இருவர் சந்திக்குமிடத்தில் இன்று தவறாது எழும் முறைப்பாடு ஒன்று உண்டு. "வேலைக்கு ஆள் இல்லை, வருகிற பொடியனும் ஆறு மாதம் நிற்கிறானில்லை" என்பதே அது. கஸ்தூரியார் வீதி நகைக்கடை முதல் சுன்னாகம், நெல்லியடிப் பலசரக்குக்கடை வரை இக்குரல் கேட்கிறது. காரணமும் ஆயத்தமாகவே இருக்கிறது: வெளிநாட்டுக் காசு இளைஞரைக் கெடுத்துவிட்டதாம், எஞ்சியதைக் கைத்தொலைபேசி கெடுத்துவிட்டதாம். கடைக்கணக்கைச் சதம் பிசகாது பார்ப்பவர்கள், இந்த ஒரு கணக்கை மட்டும் பாராமலே முடிவு சொல்லிவிடுகின்றனர்.

சோம்பேறித்தனமே காரணமெனின், அதே இளைஞர் கடல் கடந்ததும் எங்ஙனம் உழைப்பாளிகளாகின்றனர்? பாரிஸ் உணவகங்களின் சமையற்கட்டிலும் இலண்டன் எரிபொருள் நிலையங்களின் இரவுக் கடமையிலும் நிற்போருள் யாழ்ப்பாணத்துப் பிள்ளைகள் எத்தனை பேர்! பொருளாதாரம் சரிந்த 2022ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையிலிருந்து மூன்று இலட்சத்துக்கு மேற்பட்டோர் வேலை தேடி வெளிநாடு சென்றனர். உழைப்புக்கு அஞ்சியவன் உழைப்பதற்காகக் கடன்பட்டுப் பயணம் போகமாட்டான்.

யாழ்ப்பாணத்துச் சிறு முதலாளி தம் ஊழியனை "எங்கள் வீட்டுப் பிள்ளை மாதிரி" என்பார். இச்சொல்லின் பொருளை ஆராய்தல் தகும். கடை பூட்ட நேரம் பிந்தினால் அவன் பிள்ளை. மேலதிக நேரக் கொடுப்பனவு கேட்கலாகாது. ஞாயிற்றுக்கிழமை லொறி வந்தாலும் பிள்ளை. முதலாளி வீட்டுக் கலியாணத்திற் கதிரை சுமக்கும்போதும் பிள்ளை. ஆயின், தீபாவளி வியாபாரத்தின் இலாபத்தை எண்ணும்போது அவன் பிள்ளையல்லன். காய்ச்சலில் இரண்டு நாள் படுத்துவிட்டாலோ, அவன் நாட்சம்பளம் வெட்டப்படும் வெறும் வேலையாள். பிள்ளைக்குரிய பங்கும் இல்லை. ஊழியனுக்குரிய உரிமையும் இல்லை. இந்த இரண்டுங்கெட்டான் நிலையில் ஒருவன் எத்தனை காலம் நிற்பான்?

ஊழியனுக்குரிய உரிமைகள் எவை என்பதில் ஐயத்துக்கிடமில்லை. 1954ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் கடை, காரியாலய ஊழியர் சட்டம் வேலைநேரத்தை நாளொன்றுக்கு 8 மணித்தியாலம், வாரத்துக்கு 45 மணித்தியாலம் என வரையறுத்தது. வாரந்தோறும் ஒன்றரை நாள் விடுமுறையையும் வழங்கிற்று. ஊழியர் சேமலாப நிதியம் 1958ஆம் ஆண்டுச் சட்டத்தாலும், ஊழியர் நம்பிக்கை நிதியம் 1980ஆம் ஆண்டுச் சட்டத்தாலும் வந்தன. 1983ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டம் 15 பேருக்குக் குறைந்த நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தவில்லை என்பது உண்மையே. ஆயினும் ஏனைய சட்டங்களிலிருந்து தப்ப, கடை சிறிதென்பது சாட்டாகாது. இத்தனை இருந்தும், நியமனக் கடிதத்தைக் கண்ணாலும் காணாத கடைச்சிப்பந்திகள் இன்றும் பலர்.

கணக்கையே மொழியாகக் கொண்ட வணிகருக்குக் கணக்காகவே சொல்லலாம். 2026 ஜனவரி முதல் தேசிய ஆகக்குறைந்த மாதச் சம்பளம் 30,000 ரூபா. இத்தொகைக்கு முதலாளி செலுத்தவேண்டிய சேமலாப நிதி 12 வீதம், அதாவது 3,600 ரூபா. நம்பிக்கை நிதி 3 வீதம், அதாவது 900 ரூபா. ஆக 4,500 ரூபா. இதனை மிச்சம்பிடிப்பதே சாமர்த்தியம் என எண்ணும் முதலாளி இழப்பது யாது? எந்தச் சரக்கு எப்போது முடியும், எந்த வாடிக்கையாளர் எந்த மாதம் கடன் தீர்ப்பார், எவருக்குக் கொப்பியில் எழுதிக் கொடுக்கலாகாது என்பன மூன்றாண்டு நின்ற சிப்பந்திக்கு மனப்பாடம். அவன் போனால் அவ்வறிவும் கூடவே போகிறது. புதியவன் அதைக் கற்பதற்குள் கெடும் சரக்கும் வாராக் கடனும் அந்த 4,500 ரூபாவுக்குள் அடங்குமா?

ஆளை நிறுத்தும் வழியை யாழ்ப்பாணத்தவர் அறியாதவரல்லர். காரைநகர், புங்குடுதீவு முதலிய ஊர்களிலிருந்து தென்னிலங்கை சென்று கடை வைத்தோர், ஊர்ச் சிறுவரையே அழைத்துச் சென்று தொழில் பழக்கினர். பழகியவன் நாளடைவிற் கணக்கப்பிள்ளையானான், சிலர் பங்காளிகளாயினர், வேறு சிலர் தனிக்கடையும் வைத்தனர். அதனைப் பொற்காலமெனப் போற்றுதல் தவறு. அம்முறை சிறுவரின் படிப்பைத் தின்றது. உறவும் சாதியும் பார்த்தே கதவைத் திறந்தது. எனினும் ஏறுவதற்கு அங்கே ஒரு படிக்கட்டு இருந்தது. 1958, 1977, 1983 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்கள் அக்கடைகள் பலவற்றை அழித்தன. இன்றைய யாழ்ப்பாணத்து வணிகமோ, அம்முறையின் நீண்ட வேலைநேரத்தை மட்டும் முதுசமாகப் பேணிக்கொண்டு, படிக்கட்டைக் கைவிட்டுவிட்டது.

போரும் பாதை மூடலும் பின்னர் பொருளாதார நெருக்கடியும் சிறு முதலை வாட்டின என்பதை எவரும் மறுப்பதற்கில்லை. கொழும்பிலிருந்து வந்த பேரங்காடிகளோடு சம்பளத்திற் போட்டியிடுதல் பலருக்கு இயலாதிருக்கலாம். ஆனால் நியமனத்தை எழுத்திற் கொடுப்பதற்கும், குறித்த நாளிற் சம்பளம் வழங்குவதற்கும், வாடிக்கையாளர் முன்னிலையில் ஏசாதிருப்பதற்கும் பெருமுதல் வேண்டுமா? புடவைக்கடைகளில் நாள் முழுதும் நின்று கால் வீங்கும் பெண்களுக்கு ஓர் இருக்கை கொடுப்பதற்கு வங்கிக் கடன் வேண்டுமா? தமிழ்நாட்டில் இதற்கென 2021இல் கடைகள் சட்டத்தையே திருத்தவேண்டியதாயிற்று. ஒரு கதிரைக்குச் சட்டம் தேவைப்பட்டமை வணிக உலகம் நாணத்தக்கது. இங்குள்ளோரும் அத்தகைய சட்டம் வரும்வரை காத்திருக்கப் போகின்றனரா?

வணிகர் சங்கங்கள் விலைக்கும் வரிக்கும் கூடுவதுபோல் இதற்கும் கூடவேண்டும். நியமனக் கடிதமும் சேமலாப நிதிப் பதிவும் இல்லாத கடைக்குச் சங்கத்தில் அங்கத்துவமில்லை எனத் தீர்மானிக்க அவற்றுக்குத் துணிவு வேண்டும். நெடுங்காலம் நின்றவனுக்கு இலாபத்தில் ஒரு சிறு பங்கையாவது எழுதி வைக்கும் வழக்கம் திரும்பவேண்டும். அதுவரை "ஆள் தேவை" என்னும் பலகை கடைவாசலில் தொங்கிக்கொண்டே இருக்கும். இளைஞன் அதனை வாசிப்பான். வாசித்துவிட்டுக் கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிக்கப் போவான்.