டைட் வைக்கும் வைத்தியம்

குன்னூரில் கார் வைத்திருப்பவரிடம் "ஹேண்ட்பிரேக் நல்லா பிடிக்குதுங்களா?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் டிக்கியைத் திறந்து ஒரு கல்லைக் காட்டுவார். எஸ்டேட் பக்கத்துக்காரர் என்றால் சில்வர் ஓக் கட்டை. லாரி கிளீனர்கள் டயருக்குக் கட்டை போடும் பழக்கம் மலையில் சின்னக் கார்கள் வரைக்கும் வந்துவிட்டது. கல்லை நான் குறை சொல்லமாட்டேன். சரிவில் வண்டியை விட்டுப் போகிறவன் ஹேண்ட்பிரேக், கியர், கல் மூன்றையும் சேர்த்து நம்புவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் கல் இருக்கிற தைரியத்தில் ஹேண்ட்பிரேக்கை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. பார்த்தாலும் பட்டறையில் சொல்வது ஒரே வாக்கியம்: "கொஞ்சம் டைட் வெச்சுக் குடுங்க."

இந்த வாரப் பத்தி அந்த வாக்கியத்தோடு ஒரு சண்டை.

லீவரைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் மூடியைக் கழற்றினால் அடியில் ஒரு மரையாணியும் நட்டும் இருக்கும். நட்டை முறுக்கினால் கேபிள் இழுபடும். பத்து, பன்னிரண்டு பல் வரை ஏறிக்கொண்டிருந்த லீவர் ஐந்தாறு பல்லிலேயே கெட்டியாக நின்றுவிடும். வாடிக்கையாளருக்குத் திருப்தி, மெக்கானிக்குக் கூலி. ஆனால் பல் ஏன் கூடியது என்ற கேள்வி அப்படியே கிடக்கிறது. பிரேக் ஷூ தேய்ந்திருக்கலாம். தேய்மானத்துக்கு ஏற்ப ஷூவைத் தானாக நகர்த்தும் அட்ஜஸ்டர் டிரம்முக்குள் துருவேறி நின்றிருக்கலாம். கேபிளின் கம்பி இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருக்கலாம். மூன்றுக்கும் ஒரே மருந்து நட்டு என்றால் அது வைத்தியம் இல்லை, வலியை மரக்கச் செய்வது.

இதில் இன்னொரு கெடுதலும் உண்டு. டிரம்முக்குள் ஒரு ஷூவோடு சேர்ந்த சிறு நெம்புகோல் இருக்கிறது. கேபிள் அதை இழுக்கும்போது, குறுக்கே உள்ள ஒரு தகடு வழியாக அது எதிர் ஷூவைத் தள்ளும். இரண்டு ஷூவும் விரிந்து டிரம்மைக் கவ்வும். லீவரை இறக்கியதும் அந்த நெம்புகோல் தன் பழைய இடத்துக்கு முழுமையாகத் திரும்ப வேண்டும். அளவுக்கு மீறி டைட் வைத்த கேபிள் அதைத் திரும்ப விடாது. பிறகு தானியங்கி அட்ஜஸ்டரும் ஒழுங்காக வேலை செய்யாது. ஷூ தேயத் தேய கால் பிரேக்கின் பெடல் கீழே போய்க்கொண்டே இருக்கும். ஹேண்ட்பிரேக்கைச் சரிசெய்யப் போய் கால் பிரேக்கைக் கெடுத்துக்கொள்வது இப்படித்தான். பெடல் இறங்கியதும் மறுபடி பட்டறை, அங்கே மறுபடி வேறு ஏதாவது ஒன்று டைட்.

என் கார் பதினைந்து வயதைத் தாண்டியது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஏறி வந்த ஒரு நாள், வீட்டில் நிறுத்தியபின் பின்சக்கரங்களின் பக்கம் கையைக் கொண்டுபோனேன். இடதுபக்கம் அனல். வலதுபக்கம் சாதாரணம். பதினான்கு கொண்டை ஊசி வளைவுகளும் ஏற்றத்தில்தான் வந்தன. ஏற்றத்தில் பிரேக்குக்கு அனேகமாக வேலையே இல்லை. அப்படியிருந்தும் ஒரு சக்கரம் மட்டும் சுடுகிறது என்றால் அந்தப் பக்கத்து ஷூ டிரம்மை உரசிக்கொண்டே மலை ஏறியிருக்கிறது. பெட்ரோல் எங்கே போகிறது என்ற பழைய சந்தேகத்துக்கும் கொஞ்சம் விடை கிடைத்தது.

லீவரை வைத்தே நோயை ஓரளவு பிரித்துவிடலாம். லேசாக வந்து, பல் மட்டும் அதிகமாகப் போனால் பெரும்பாலும் ஷூவும் அட்ஜஸ்டரும்தான் காரணம். கேபிளை மாற்றிப் பயனில்லை. இழுக்கவே கனமாக இருந்து, இறக்கியபிறகும் சக்கரம் விடாமல் பிடித்திருந்தால் கேபிளைச் சந்தேகப்படலாம். திடீரென்று எந்த எதிர்ப்பும் இல்லாமல் கையோடு மேலே வந்துவிட்டால் அறுந்துபோயிற்று. சந்தேகம் தீர, பின்பக்கத்தைத் தூக்கி, லீவரை ஒவ்வொரு பல்லாக ஏற்றி, ஒவ்வொரு தடவையும் இரண்டு சக்கரத்தையும் கையால் சுற்றிப் பார்க்க வேண்டும். ஒன்று சீக்கிரம் பிடித்து மற்றது தாமதித்தால் எந்தப் பக்கம் கோளாறு என்று தெரிந்துவிடும்.

கம்பி ஏன் உள்ளேயே மாட்டிக்கொள்கிறது? இதே அமைப்புதான் சைக்கிள் பிரேக்கிலும் பைக் கிளட்சிலும் இருக்கிறது. சுருள் உறைக்குள் ஓடும் முறுக்குக் கம்பி. கம்பி இழுபடும்போது உறை அந்த விசையைத் தாங்கி நிற்கும். அதனால் எத்தனை வளைவு இருந்தாலும் இழுவை மறுமுனைக்குப் போய்ச் சேரும். எர்னஸ்ட் மோனிங்டன் பௌடன் என்பவர் 1896-இல் பிரிட்டனில் காப்புரிமை வாங்கியது. ராலே சைக்கிள் நிறுவனத்தை நடத்திய ஃபிராங்க் பௌடன் கண்டுபிடித்ததாகப் பலர் எழுதுகிறார்கள். அவர் வேறு ஆள். இந்த அமைப்புக்கு எமன் தண்ணீர். முனையில் உள்ள ரப்பர் உறை கிழிந்தால் மழைநீர் உள்ளே போகும், கேபிள் தாழ்ந்து வளையும் இடத்தில் தேங்கும், அங்கே துரு. வருடத்தில் இரண்டு பருவமழையும் எட்டிப் பார்க்கும் குன்னூரில் அதற்குப் பஞ்சமே இல்லை. சமவெளியில் வேறு கதை: கியரிலேயே நிறுத்திப் பழகியவர்கள் மாதக்கணக்கில் லீவரைத் தொடுவதில்லை, அசையாத கம்பி அப்படியே இறுகிக்கொள்கிறது. எண்ணெய் ஸ்ப்ரே அடித்தால் சில நாள் வழுக்கும். பிறகு அந்த எண்ணெயே தூசியைச் சேர்த்துச் சேறாக்கிவிடும்.

எங்கள் தெரு மெக்கானிக்கிடம் சக்கரம் சுட்டதைச் சொன்னேன்.

"கேபிள் ஜாம்ங்ணா. லூஸ் பண்ணி விட்டா சூடு நிக்கும்."

"லூஸ் பண்ணா நிறுத்துறப்போ பிடிக்காதே தம்பி."

"அதுக்குத்தானுங்ணா கல்லு இருக்குது."

அவரைக் குற்றம் சொல்ல முடியாது. கேபிள் மாற்றுவது அரைநாள் வேலை. அந்த அரைநாளுக்குக் கூலி கேட்டால், இந்தத் தம்மாத்தூண்டு கம்பிக்கா என்று நாம்தான் சண்டைக்குப் போவோம். நட்டுக்கு மட்டும் கூலி கொடுத்தால் நட்டு வேலைதான் நடக்கும். நானே செய்வதென்று முடிவு செய்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கேபிள் கோயம்புத்தூரில் ஸ்பேர் பார்ட்ஸ் கடையில் சில நூறு ரூபாய்க்குக் கிடைத்தது. இடது, வலது நீளம் வேறு. மாடல் பெயர் மட்டும் போதாது, வருடத்தையும் சொல்ல வேண்டும். இரண்டையும் சேர்த்தே வாங்கினேன். ஒரு பக்கம் துருப்பிடித்த அதே மழையில்தான் மறுபக்கமும் நனைந்திருக்கும்.

வேலையைவிட வண்டியைத் தூக்குவதில்தான் ஆபத்து. ஹேண்ட்பிரேக்கைத் தளர்த்திவிட்டுத்தான் இதைச் செய்தாக வேண்டும், பின்சக்கரங்களும் தரையில் இருக்காது. ஆகவே சமதளம் கட்டாயம், முன்சக்கரங்கள் இரண்டுக்கும் முன்னும் பின்னும் கட்டை, முதல் கியர். என் காரில் எஞ்சின் முன்சக்கரத்தைச் சுற்றுவதால் கியர் பிடிப்பது முன்சக்கரத்தை, ஹேண்ட்பிரேக் பிடிப்பது பின்சக்கரத்தை. வீல் நட்டுகளை டயர் தரையில் இருக்கும்போதே இளக்கிவிட வேண்டும். ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டில் உட்கார வைத்தபிறகே கீழே கை நீட்டலாம். வண்டியோடு வரும் ஜாக்கி ஸ்டெப்னி மாற்றுவதற்கு. அதை நம்பி ஒருவரும் வண்டிக்கடியில் படுக்கக் கூடாது. ஸ்டாண்டு இல்லையா, இந்த வேலையையே தொடவேண்டாம்.

முதலில் லீவர் நட்டை முழுக்க இளக்கினேன். பிறகு டிரம். நடு நட்டைக் கழற்றியும் டிரம் அசையாது, வருடக்கணக்கில் உட்கார்ந்த பழக்கம். சுத்தியலால் அடித்து நெளிப்பவர்கள் அதன் முகத்தைக் கொஞ்சம் பார்த்தால் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் தெரியும். அவற்றில் 8 எம்எம் போல்ட்டுகளைப் போட்டு மாற்றி மாற்றி முறுக்கினால் டிரம் தானே நகர்ந்து வெளியே வரும். உள்ளே கறுப்புத் தூசி. ஊதக் கூடாது, காற்றடிக்கவும் கூடாது. பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம்; ஈரத்துணியால் துடைத்து, துணியைக் கவரில் கட்டிப் போட்டுவிட வேண்டும். டிரம்முக்குள் எண்ணெய்ப் பசை தெரிந்தால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். வீல் சிலிண்டர் கசிகிறது என்று பொருள், அது மெக்கானிக் வேலை.

ஸ்பிரிங்குகளைத் தொடுவதற்கு முன் போனில் படம். அதைவிட நல்ல ஏற்பாடு, ஒரு நேரத்தில் ஒரு பக்கம் மட்டும் பிரிப்பது. மறுபக்கம் மாதிரிக்கு முழுசாக நிற்கும். நெம்புகோலின் கொக்கியிலிருந்து கேபிள் முனையை விடுவித்தாயிற்று. அடுத்து பின்தகட்டைத் தாண்டி அதை வெளியே இழுக்க வேண்டும், அங்கேதான் பொறுமை போகும். முனையைச் சுற்றி விரிந்து நிற்கும் மூன்று நான்கு உலோகக் கவ்விகள். பிளேயரால் ஒன்றை அமுக்கினால் இன்னொன்று விரியும். சரியான அளவு ரிங் ஸ்பேனரை, 12 அல்லது 13, முனை வழியாகக் கோத்து அழுத்தினால் எல்லாக் கவ்வியும் ஒரே நேரத்தில் மடங்கும், கேபிள் வழுக்கி வெளியே வந்துவிடும். எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரிந்த உபாயம் இது.

பழையதையும் புதியதையும் தரையில் பக்கத்தில் பக்கத்தில் நீட்டிவைத்து அளந்தேன். பழையதை உறைக்குள் கையால் இழுத்துப் பார்த்தேன். பாதி தூரம் வந்து நின்றது, திரும்ப உள்ளே போக மறுத்தது. நட்டை எத்தனை திருகினாலும் இதற்குத் தீர்வு ஏது? புதியது பழைய பாதையிலேயே போக வேண்டும், ஒவ்வொரு கிளிப்பும் மாட்ட வேண்டும். சோம்பலில் ஒரு கிளிப்பை விட்டால் கேபிள் சைலன்சர் குழாயில் போய் உட்காரும், பிளாஸ்டிக் மேலுறை உருகும்.

மாட்டியபிறகு பட்டறைகள் அடிக்கடி தலைகீழாகச் செய்யும் ஒரு வரிசை இருக்கிறது. லீவர் நட்டு கடைசியில்தான் வர வேண்டும். முதலில் கால் பிரேக்கைப் பல தடவை மிதித்து ஷூக்களை டிரம்முக்கு அருகே வரவிட வேண்டும். தானாக வராத அட்ஜஸ்டரைச் சுத்தம் செய்து கையால் நகர்த்த வேண்டும். பிறகு லீவரைச் சில தடவை பலமாக இழுத்து கேபிளை அதன் இடத்தில் உட்கார வைக்க வேண்டும். அதற்கப்புறம்தான் நட்டு. எத்தனை பல்லில் பிடிக்க வேண்டும் என்பது வண்டியின் கையேட்டில் இருக்கும். ஒரு மாடலுக்கும் இன்னொன்றுக்கும் மாறும். அக்கா மகன் உள்ளே உட்கார்ந்து இழுத்தான்.

"மாமா, ஆறு."

"இறக்குடா."

இரண்டு பின்சக்கரமும் உரசல் இல்லாமல் சுற்றின. எனக்கு முக்கியமானது இந்தச் சோதனைதான். பிடிப்பதை எல்லோரும் பார்ப்பார்கள், விடுவதை யாரும் பார்ப்பதில்லை.

சரிவில் சோதிக்கும்போது அளவுகோல் எது? கார்களின் பிரேக்குக்கான ஐ.நா. விதி ஆர்13-எச், முழுச் சுமையேற்றிய வண்டியை 20 சதவீதச் சரிவில் ஹேண்ட்பிரேக் மட்டுமே பிடித்து நிறுத்த வேண்டும் என்கிறது. அதற்குக் கை கொடுக்கும் விசை 400 நியூட்டனைத் தாண்டக் கூடாது, அதாவது சுமார் 40 கிலோ எடையைத் தூக்கும் பலம். 20 சதவீதம் எவ்வளவு செங்குத்து என்பது எங்கள் ஊர்க்காரர்களுக்கு ரயிலை வைத்துச் சொன்னால் புரியும். 1899-இல் குன்னூருக்கு வந்த மலை ரயில், பல்சக்கரம் போட்டு ஏறும் இடத்திலேயே அதிகபட்சம் 12-க்கு 1 தான், எட்டு சதவீதத்துக்குச் சற்று மேல். அதற்கே ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்று கையால் பிரேக் போடுகிறார். எங்கள் சந்து ரயில் பாதையைவிடக் கண்டிப்பாகச் செங்குத்து. வண்டி நின்றது, கல் இல்லாமல். சோதனை முடிந்ததும் கல்லையும் வைத்தேன். சோதனை வேறு, இரவு வேறு.

நிறுத்தும் முறையிலும் ஒரு சங்கதி. பெரும்பாலோர் முதலில் கியரைப் போட்டுக் காலை எடுத்துவிட்டுக் கடைசியில் லீவரை இழுக்கிறார்கள். அப்போது வண்டியின் கனம் முழுவதும் கியர்பாக்ஸில் தொங்கும். கால் பிரேக்கில் நின்று, நியூட்ரலில் ஹேண்ட்பிரேக்கை இழுத்து, காலை மெல்ல எடுத்து வண்டியை அதன்மேல் உட்கார விட்டு, பிறகு கியர் போட வேண்டும். அப்படிச் செய்தால் கேபிளின் உடல்நலமும் தினசரி தெரிந்துவிடும். சக்கரத்தை மண்மேட்டுப் பக்கம் திருப்பி வைப்பதை மலைக்காரர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, சுற்றுலா வருகிறவர்களுக்குச் சொல்லலாம்.

எதிர்வீட்டுக்காரர் இதையெல்லாம் பார்த்துவிட்டு தன் புது வண்டியையும் பார்க்கச் சொன்னார். அதில் லீவரே இல்லை, ஒரு பட்டன். பின்சக்கரத்தில் மோட்டாரே இறுக்குகிற வகை. பேட் மாற்றுவதற்குக்கூட ஸ்கேனர் மாட்டி சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோக வேண்டும். சர்வீஸ் சென்டருக்கே போங்க என்று சொல்லிவிட்டேன்.

புதுக் கேபிள் முதல் சில நாளில் கொஞ்சம் நீளும். அதனால் மூடியை மாட்டாமலே வண்டியை ஓட்டிக்கொண்டிருந்தேன். ஸ்க்ரூக்கள் சமையலறை ஜன்னலில் ஒரு டம்ளரில் கிடந்தன. வார இறுதியில் எண்ணிப் பார்த்தபோது லீவர் ஏழாவது பல்லுக்கு வந்திருந்தது. பின்சக்கரத்தைத் தூக்கி, உரசல் இல்லை என்று மறுபடி பார்த்துக்கொண்டு, நட்டை அரைச் சுற்று முறுக்கி, லாக் நட்டை இறுக்கி, மூடியைப் போட்டேன்.